வலது இடுப்பில் எழுநூறு கிராம்

முதல் வாரம் வெறும் பிஸ்ரலோடு
வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.
ரவை இல்லை. இரண்டு தரம் பார்த்தேன்,
மூன்றாம் தரம் சின்ன விரலை விட்டுத் தடவினேன்.
அப்படியே கூட்டினேன், குனிந்து பானை இறக்கினேன்,
மீன்காரனின் ஹோர்ன் கேட்டுப் படலை வரை போனேன்.
சட்டை விளிம்பு ஒரு விரற்கடை ஏறினாலும்
களுவாஞ்சிகுடி முழுக்கப் பார்க்கும் என்றிருந்தது.
"பாரைக்குட்டி கிடக்கு, எடுக்கலையா அக்கா?"
அவ்வளவுதான் கேட்டான்.

நெல் வாங்குகிற தொழில்.
வெட்டு முடிந்தால் ஆற்றுக்கு அப்பால் காசு போகவேண்டும்,
படுவான்கரையில் காசோலையை யாரும் நம்புவதில்லை.
போன பெரும்போகத்தில் தம்பி அன்புதாசன்
வெல்லாவெளி றோட்டில் கிடந்தான்.
பதினேழு தையல். வலது காது இன்னும் கேட்பதில்லை.
பிறகுதான் விண்ணப்பம்,
பொலிஸ் அறிக்கை, கிராம சேவகரின் கையொப்பம்,
மனநல வைத்தியரின் கடிதம்.
தூக்கம் எப்படி என்றார் வைத்தியர்.
இந்த ஊரில் யாருக்கு என்றேன்.
எழுதிக்கொண்டார்.

அது இடுப்பில் ஏறிய முதல் நாள்
பழைய சோதனைச் சாவடி இருந்த வளைவில்
என் கைகள் தாமாகவே மேலே எழப் பார்த்தன.
பத்தொன்பது வயதில் அங்கே இறக்கி
என் சாப்பாட்டுப் பெட்டியைக் கிளறியவனின்
தோளில் தொங்கியதற்கு ஒரு வாய் இருந்தது.
அவன் முகம் ஞாபகமில்லை. அந்த வாய் ஞாபகம்.
இப்போது அவ்விடத்தில் வாழைக்குலைக் கடை.
எனக்கு இந்தப் பக்கம் நின்று பழக்கமில்லை,
துப்பாக்கியின் இந்தப் பக்கம்.

அம்பாறைத் திடலில் முதலில் படித்தது சுடுவதை அல்ல,
சுட்டுவிரலை எங்கே வைப்பது என்பதை:
விசைக்கு வெளியே, இரும்பின் நீளத்தோடு,
கோடு கீறுவதுபோல.
அந்த விரல் பிறகு எல்லாவற்றிலும் அப்படியே நின்றது,
அகப்பையில், பேனையில், ஸ்கூட்டர் பிடியில்.
"அம்மா, ஆரைச் சுட்டிக்காட்டுறீங்க?"
நிதுர்ஷா சிரித்தாள்.
இரும்புப் பெட்டியின் இலக்கம் அவளுக்குத் தெரியாது.
அவள் பிறந்த திகதி அல்ல அது,
அதை ஒருநாள் அழுத்திப் பார்த்திருப்பாள்.

குருமண்வெளியில் பாதை ஏறினேன்.
(தண்ணீரில் மிதந்து போவதுதான் எங்களுக்குப் பாதை,
தரையில் கிடப்பது றோட்டு.)
மோட்டார் சைக்கிள்கள், ஒரு கன்று, பள்ளிப் பிள்ளைகள்.
நெரிசலில் ஒரு சின்னத் தலை
என் வலது இடுப்பில் சாய வந்தது.
மெல்லத் திரும்பி இடது பக்கத்தைக் கொடுத்தேன்.
மண்டூர்க் கரை வரைக்கும் அங்கேயே தூங்கியது.

மூன்றாம் மாதம், பொழுதுபட்டபின்,
ஒரு வெளிச்சம் என் பின்னால்.
நான் மெதுவானால் அதுவும் மெதுவானது.
இரு பக்கமும் வெட்டிய வயல்.
பயந்தேன், ஆனால்
கை எதையும் தேடவில்லை,
எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.
சந்திக் கடையின் மின்குமிழ் வரை ஒரே வேகம்.
வெளிச்சத்தில் நிறுத்தி, சுவரை முதுகுக்கு வைத்து நின்றேன்.
ஹெல்மட்டைக் கழற்றினார். பேரின்பம்.
"தங்கச்சி, எட்டு மூட்டைக் காசு கூடத் தந்திட்டீங்க."
கையில் ரப்பர் பட்டி போட்ட தாள்கள்.

உறையின் பொத்தானைத் திறக்கவே இல்லை
என்று சொல்ல ஆசை.
சந்திக்கு முன்னமே திறந்திருந்தேன்.
திரும்பி நின்று அதை அழுத்தி மூடிய சத்தம்
கடை நாயின் குரைப்பில்
அவருக்குக் கேட்டிருக்காது.
பிளேன்ரீ குடித்தோம்.
காசை அவர் முன்னால் எண்ணவில்லை.

இரவு, ரவைகளை மேசையில் வரிசையாக வைத்து
இரண்டு தரம் பார்த்தேன், மூன்றாம் தரம் விரலால்.
பெட்டியைப் பூட்டிப் படுத்தபின்
வலது பக்கம் லேசாகிக் கிடந்தது.
தூங்கிப்போனேன் என்று
காலையில்தான் தெரிந்தது.